யுரேகா (பழுதுநீக்குநர்களின் அறிவுப் பகிர்வு அமைப்பு)

யுரேகா என்பது ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுப்புப் பொறிகளைப் பழுதுபார்த்த ஊழியர்கள், வேலைக்களத்தில் தாங்களே கண்டறிந்த தீர்வுகளை எழுதிப் பகிர்ந்துகொள்வதற்காக 1990களில் உருவான கணினி அமைப்பு. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் பார்க் ஆய்வகமும், பிரான்சில் பணியாற்றிய பழுதுநீக்குநர்களும் சேர்ந்து இதை வடிவமைத்தனர். 1995இல் பிரான்சின் மினிடெல் வலையமைப்பில் இயங்கத் தொடங்கி, 1996இல் கனடாவுக்கும் 1997இல் அமெரிக்காவுக்கும் பரவியது.

ஒரே கூரையின்கீழ் வேலை செய்யாத பணியாளர்களிடையே அறிவு எந்த வழியாகப் போகிறது, தகவல்தொடர்புக் கருவி அதற்கு எப்போது துணை நிற்கிறது, எப்போது பயனற்றுப்போகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு நெருங்கிக் கவனிக்கப்பட்ட எடுத்துக்காட்டுகள் குறைவு. ஜெராக்ஸ் பழுதுநீக்குநர்களிடம் முதலில் அச்சிட்ட கையேடு இருந்தது. பிறகு ஒரு பகுதியினருக்கு வாக்கி-டாக்கி வந்தது. அதன்பின் யுரேகா வந்தது. வேலையும் ஆட்களும் மாறாமல் கருவி மட்டும் மாறியதால், ஒவ்வொரு கருவியும் எதைச் சுமந்து சென்றது, எதை விட்டுவிட்டது என்பதை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

பின்னணி

1959இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914, சாதாரணத் தாளில் நகலெடுத்து வணிக வெற்றி கண்ட முதல் பொறி. எடை ஏறத்தாழ 294 கிலோ. உள்ளே தாள் சூடேறிக் கருகும் வாய்ப்பு இருந்ததால் சிறிய தீயணைப்பான் ஒன்றும் அதனுடன் கொடுக்கப்பட்டது. விலை மிகுதி என்பதால் பெரும்பாலான அலுவலகங்கள் அதை வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தன. எத்தனை நகல் எடுக்கப்பட்டதோ அதற்கேற்பக் கட்டணம். பொறி நின்றுபோனால் வாடிக்கையாளரின் வேலையோடு ஜெராக்ஸின் வருமானமும் நின்றது. அதனால் தொடக்கத்திலிருந்தே பெரிய பழுதுநீக்கும் படை ஒன்றை நிறுவனம் வைத்திருந்தது. 1990களில் உலகெங்கும் அதன் எண்ணிக்கை இருபதாயிரம் அளவில் இருந்தது.

இவர்களுக்கென்று பொதுவான பணியிடம் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டாரம். வண்டி நிறைய உதிரிபாகங்கள். காலையில் வரும் அழைப்புப் பட்டியல். வேலை நடப்பதெல்லாம் வாடிக்கையாளரின் அலுவலகத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, தனியாளாக. சக பணியாளரைச் சந்திப்பது காலை உணவுக்கு ஒரு கடையில் கூடும்போது, மதிய இடைவேளையில், உதிரிபாகக் கிடங்கில். அவ்வளவுதான். தொலைவிலிருந்து பணிபுரிதல் என்ற பேச்சு பரவலாவதற்கு வெகுகாலம் முன்பே, இவர்கள் முழுமையாகச் சிதறிய பணியாளர்களாக இருந்தார்கள்.

நிறுவனம் இவர்களுக்குக் கொடுத்த அறிவுக் கருவி, கையேடு. பொறி ஒரு பிழை எண்ணைக் காட்டும். கையேட்டில் அந்த எண்ணைப் பிரித்தால் ஒரு சோதனை இருக்கும். ஆம் என்றால் ஒரு வழி, இல்லை என்றால் இன்னொரு வழி. கடைசியில் மாற்றவேண்டிய உதிரிபாகத்தின் பெயர். பொறி எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் மிகக் குறைவு. விளக்கம் தேவைப்படாதபடி வேலையைப் படிப்படியாகப் பிரித்துவிட்டால் பயிற்சிச் செலவு குறையும் என்பது இதன் பின்னிருந்த கணக்கு. நடைமுறையில் இரண்டு பொறிகள் ஒன்றுபோல் பழுதாவதில்லை. பொறியின் வயது, அறையின் ஈரப்பதம், தாளின் தரம், தூசு, ஒரு நாளில் எடுக்கும் நகல்களின் அளவு, ஏன், பயன்படுத்துவோரின் பழக்கம்கூட அதன் நடத்தையை மாற்றும். கையேட்டை எழுதியவர்கள் அறிந்திருந்த பழுதுகளை மட்டுமே கையேடு அறிந்திருந்தது.

ஜூலியன் ஓரின் களஆய்வு

பார்க் ஆய்வகத்தில் கணினி அறிஞர்களோடு மானிடவியலாளர்களும் பணியாற்றினர். மனிதர்கள் நகலெடுப்புப் பொறியோடு எப்படித் திணறுகிறார்கள் என்பதைப் படம்பிடித்து ஆராய்ந்த லூசி சச்மன், அதிலிருந்து எழுதிய நூலை 1987இல் வெளியிட்டார். அதே ஆய்வகத்தின் ஜூலியன் ஓர், 1980களில் பழுதுநீக்குநர்களோடு வண்டியில் ஏறி வாடிக்கையாளர் அலுவலகங்களுக்கெல்லாம் சென்றார். தாமே முன்பு தொழில்நுட்பராக வேலை செய்தவர் என்பதால் அவர்கள் பேச்சு அவருக்குப் புரிந்தது. அவர் ஆய்வு 1996இல் கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக நூலாக வந்தது.

ஓர் கண்டது இது. பழுதுநீக்குநர்களின் அறிவு பெரும்பாலும் கதைகளாகவே இருந்தது. காலை உணவின்போது அவர்கள் பேசியது பொறிகளைப் பற்றி: எந்தப் பொறி என்ன செய்தது, முதலில் எதைச் சந்தேகித்தோம், எங்கே ஏமாந்தோம், கடைசியில் என்ன கிடைத்தது. மேலாளர் கண்ணுக்கு இது வேலை நேரத்தில் அரட்டை. ஓரின் கண்ணுக்கு அதுவே வேலையின் நடுப்பகுதி. சிக்கலான பழுதின் முன் நிற்கும்போது ஒருவர் தன் நினைவிலுள்ள கதைகளைப் புரட்டி, எதிரே உள்ள அறிகுறிகளோடு பொருத்திப் பார்த்து, இந்தப் பொறிக்குரிய புதுக் கதையொன்றைக் கட்டுகிறார். அந்தக் கதை முரணின்றி நின்றால் பழுது பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

அவர் விவரிக்கும் நிகழ்ச்சிகளில் ஒன்று தொழில்நுட்ப விவரத்தோடு சொல்லத்தக்கது. புதிதாக நிறுவப்பட்டும் ஒருநாளும் ஒழுங்காக ஓடாத பொறி ஒன்று, வெவ்வேறு பிழை எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது. கையேடு சொன்ன வழிகள் எதுவும் பலிக்கவில்லை. பழுதுநீக்குநர் மூத்த நிபுணர் ஒருவரை வரவழைத்தார். பொறியை மாற்றித்தருவது எளிய வழி. ஆனால் வாடிக்கையாளர் முன் இருவரின் திறமையும் நிறுவனத்தின் பெயரும் கெட்டுப்போகும். இருவரும் பல மணி நேரம் சோதனை நகல்களை எடுத்தபடியே, ஒருவர் மாற்றி ஒருவர் பழைய கதைகளைச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று: மின்னேற்றும் உறுப்பில் தீப்பொறி பறந்தால், முன்பெல்லாம் ஒரு மின்சுற்றுப் பலகை கருகிவிடும். பலகையின் வடிவமைப்பு மாற்றப்பட்ட பிறகு அது கருகுவதில்லை. பதிலாக மின்வழங்கியின் 24 வோல்ட் பாதுகாப்பு இணைப்பு துண்டித்துக்கொள்ளும், பொறி நின்றுவிடும், மறுபடி எழும்போது இ-053 என்ற எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பிக் கையேட்டைப் பிரிப்பவர் வேறோர் இடத்தில் தேடி அலைவார். கோளாறு இருப்பதோ மின்னேற்றும் உறுப்பில்.

இந்தக் கதைக்குள் ஒரு வரலாறு இருக்கிறது: பலகை முன்பு எப்படி இருந்தது, எப்போது மாறியது, மாறியதால் எது பொய் சொல்லத் தொடங்கியது. கையேட்டில் இதற்கு இடமில்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, தெரிந்தவர் பேசும்போது பக்கத்தில் இருப்பது. ஜான் சீலி பிரௌனும் பால் டூகிடும் ஓரின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1991இல் எழுதிய கட்டுரை, நிறுவனம் காகிதத்தில் வரைந்துவைத்திருக்கும் வேலைக்கும் உண்மையில் நடக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியை மேலாண்மை ஆய்வாளர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதே 1991இல் ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும், தொழில் கற்பது என்பது தொழில்செய்வோர் வட்டத்தின் ஓரத்தில் நின்று மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்வதே என்று வாதிடும் நூலை வெளியிட்டனர். மூன்று எழுத்துகளும் ஒரே திசையைக் காட்டின.

வாக்கி-டாக்கிச் சோதனை

கொலராடோ மாநிலத்தின் டென்வர் பகுதியில் ஜெராக்ஸ் எடுத்த முயற்சி ஓர் எளிய கருவியோடு தொடங்கியது. பழுதுநீக்குநர் குழுவுக்கு இருவழி வானொலிக் கருவிகள், அதாவது வாக்கி-டாக்கிகள், கொடுக்கப்பட்டன. குழுவுக்கென்று தனி அலைவரிசை. கருவி நாள் முழுதும் திறந்தே இருக்கும். ஒருவர் சிக்கலில் மாட்டிக்கொண்டால் பேசுவார், வேறிடத்தில் வேறு பொறியைத் திறந்துவைத்திருக்கும் இன்னொருவர் பதில் சொல்வார், மூன்றாமவர் திருத்துவார்.

கருவி அப்படியொன்றும் புதிதில்லை. காவல்துறையும் வாடகைக்கார் நிறுவனங்களும் ஏற்கெனவே வைத்திருந்ததுதான். இங்கே முக்கியம், அது நேர்த்தியாகப் பொருந்திய இடம். காலை உணவு மேசையில் நடந்த பேச்சு இப்போது நாள் முழுதும் நீண்டது. தொலைபேசி அழைப்பு இதைச் செய்யாது. யாரைக் கேட்பது என்று தெரிந்தால்தானே தொலைபேசியில் கூப்பிட முடியும்? அலைவரிசையில் கேள்வி எல்லாருக்கும் போகிறது. விடை தெரிந்தவர் தாமே முன்வருகிறார். ஒருவரை மட்டும் தொந்தரவு செய்கிறோம் என்ற கூச்சமும் இல்லை.

இதைவிடப் பெரிய பயன், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் தன் வேலையைச் செய்துகொண்டே மூத்தவர்கள் பழுதைப் பிடிக்கும் முறையைக் காதில் வாங்கினார். விடையோடு, விடையை நோக்கிப் போகும் பாதையும், வழியில் கைவிடப்பட்ட ஊகங்களும், தெரியாததைத் தெரியாது என்று மூத்தவர் ஒப்புக்கொள்ளும் தொனியும் அவருக்குக் கிடைத்தன. தனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று பேச்சில் வரும்போது அவரும் வாய்திறக்கலாம். அதுவரை மௌனமாக இருப்பதால் யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. லேவும் வெங்கரும் எழுத்தில் விவரித்த ஓரத்திலிருந்து நடுவுக்கான நகர்வு இங்கே ஒலி வடிவில் நடந்தது. சிதறிய பணியிடங்களில் முதலில் இறந்துபோவது இந்த ஒட்டுக்கேட்டுக் கற்கும் வாய்ப்புதான். அதைக் காப்பாற்றிய கருவிகள் மிகச்சில. வாக்கி-டாக்கி அவற்றுள் ஒன்று என்பதால் இந்தச் சோதனை அதற்குரிய கவனத்தைப் பெறவேண்டும்.

அதன் எல்லைகளும் தெளிவானவை. அலை எட்டும் தூரம் வரைதான் பேச்சு எட்டும். அந்த நிமிடத்தில் கேட்காதவருக்கு அது இல்லை. நேற்று டென்வரில் பிடிபட்ட பழுது, அடுத்த மாதம் இன்னொரு மாநிலத்தில் வந்தால் அங்குள்ளவர் முதலிலிருந்து தொடங்கவேண்டும். குழு சிறிதாக இருக்கும்வரைதான் அலைவரிசை பயன்படும். ஆயிரம் பேர் ஒரே அலைவரிசையில் பேச முடியாது.

நிபுணர் மென்பொருளிலிருந்து யுரேகாவுக்கு

யுரேகாவின் தொடக்கம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் டேனியல் பாப்ரோ உள்ளிட்ட பார்க் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள், நகலெடுப்புப் பொறியில் மூலத்தாள்களைத் தானாக எடுத்துச் செலுத்தும் பகுதிக்கு ஒரு மென்பொருளை உருவாக்கினர். அப்பகுதியின் இயக்கத்தைக் கணினியில் மாதிரியாக அமைத்து, அறிகுறிகளைக் கொடுத்தால் பழுதைத் தர்க்கமுறையில் கண்டுபிடிக்கும்படி செய்திருந்தார்கள். பழுதுநீக்குநர்களிடம் காட்டினார்கள். அருமை என்றார்கள், ஆனால் தங்களுக்கு உதவாது என்றார்கள். மாதிரிக்குள் அடங்கும் பழுதுகளை நாங்களே கண்டுபிடித்துவிடுவோம்; தொல்லை கொடுப்பவை வடிவமைத்தவர்களே எதிர்பார்க்காதவை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

பல ஆண்டு உழைப்பை ஒரு சொல்லில் தள்ளிவைத்த ஊழியர்கள் பேச்சை ஆய்வாளர்கள் செவிமடுத்ததுதான் இந்த வரலாற்றின் திருப்பம். அவர்கள் களத்துக்குச் சென்றனர். பழுதுநீக்குநர்களின் சட்டைப் பையில், கையேட்டில் இல்லாத தீர்வுகளைக் கிறுக்கிவைத்த தாள்கள் இருப்பதைக் கண்டனர். தாள்கள் கைமாறின, நகலெடுக்கப்பட்டன. ஆனால் நண்பர் வட்டத்தைத் தாண்டவில்லை. புதிய அறிவைப் பொறிக்குள் அடைத்து ஊழியருக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, ஊழியர் உண்டாக்கும் அறிவு ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மினிடெல்லில்

முதல் வாய்க்கால் பிரான்சில் வெட்டப்பட்டதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. பிரெஞ்சு அரசு தொலைபேசித் துறை 1980களின் தொடக்கத்திலேயே சிறு திரையும் விசைப்பலகையும் கொண்ட மினிடெல் கருவியைத் தொலைபேசி வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக வழங்கியிருந்தது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் அது பரவியிருந்தது. இணையம் பெரும்பாலோருக்கு எட்டாத 1995இல், தொலைபேசி இணைப்பு இருக்கும் இடத்திலிருந்தெல்லாம் ஒரு பொதுத் தரவுத்தளத்தைப் படிக்க அங்கே முடிந்தது. மினிடெல் சேவை 2012 ஜூன் 30 அன்று நிறுத்தப்படும்வரை இருந்தது.

யுரேகாவின் அடிப்படை அலகு குறிப்பு. பிரச்சினை, காரணம், தீர்வு என்ற மூன்று பகுதிகளில் பழுதுநீக்குநர் அதை எழுதுவார். எழுதியவுடன் அது எல்லாருக்கும் போய்விடாது. அந்தப் பொறிவகையில் தேர்ந்தவர் என்று சக பணியாளர்களே மதிக்கும் ஒருவர் அதைப் படிப்பார். ஐயம் இருந்தால் எழுதியவரையே அழைத்துப் பேசுவார். வேறு பொறியில் முயன்று பார்ப்பார். இந்தச் சரிபார்ப்பு நாட்கணக்கில் முடியவேண்டும், மாதக்கணக்கில் இழுக்கக்கூடாது என்பது எழுதப்படாத கட்டாயம், ஏனெனில் பதிலே வராத இடத்துக்கு யாரும் இரண்டாவது முறை எழுதமாட்டார்கள். சரிபார்த்த பின் குறிப்பு வெளியாகும், எழுதியவர் பெயரோடு.

பெயர் போடுவதைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. நல்ல குறிப்புக்குப் பணம் கொடுக்கலாம் என்ற யோசனை நிர்வாகத்தின் தரப்பில் எழுந்தது. பழுதுநீக்குநர்கள் வேண்டாம் என்றனர். பணம் வந்தால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள், தரம் கெடும், யார் குறிப்பு ஏற்கப்பட்டது யாருடையது தள்ளப்பட்டது என்ற சச்சரவு வரும், சரிபார்ப்பவர்மேல் பழி விழும் என்று எடுத்துச்சொன்னார்கள். அவர்கள் கேட்டது, குறிப்பின்மேல் தங்கள் பெயர் இருக்கவேண்டும் என்பது மட்டுமே. ஆய்விதழில் கட்டுரைக்கு மேல் ஆசிரியர் பெயர் இருப்பதைப் போன்ற உரிமை அது. சக தொழிலாளர் மத்தியில் கிடைக்கும் மதிப்பே அவர்களை எழுதவைத்தது. இதில் இன்னொரு பயனும் இருந்தது: பெயரைப் பார்த்தாலே குறிப்பை எவ்வளவு நம்பலாம் என்று படிப்பவருக்குத் தெரியும், தேவையானால் ஆளைத் தேடிப் பேசவும் முடியும். எழுத்து மனிதரிடம் போய்ச்சேர ஒரு வழியாக இருந்தது, மனிதரை மறைக்கவில்லை.

உதிரிபாகச் செலவும் பழுதுநீக்கும் நேரமும் 5 முதல் 10 விழுக்காடு வரை குறைந்ததாக யுரேகாவைப் பற்றிய பதிவுகள் சொல்கின்றன. கையேட்டின் கணக்குப்படி பார்த்தால் இது விந்தை. நிறுவனம் எழுதாத ஒன்றைப் படித்ததால் வந்த சேமிப்பு.

பரவல்

கனடாவிலும் அமெரிக்காவிலும் மினிடெல் இல்லை. அங்கே பழுதுநீக்குநர்களின் மடிக்கணினியிலேயே குறிப்புகள் சேமிக்கப்பட்டன. மாலையில் தொலைபேசி இணைப்பு வழியாகப் புதிய குறிப்புகளை இறக்கிக்கொள்ளலாம், தாம் எழுதியதை ஏற்றலாம். வாடிக்கையாளர் அலுவலகத்தின் நிலவறையில், எந்த இணைப்பும் இல்லாத இடத்தில், பொறியைத் திறந்துவைத்துக்கொண்டே தேட முடிந்தது இதன் சிறப்பு. சில ஆண்டுகளில் குறிப்புகள் பல்லாயிரமாகப் பெருகின.

பிரௌனும் டூகிடும் 2000இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். பிரேசிலில் 40,000 டாலர் மதிப்புள்ள வண்ண நகல் பொறி ஒன்று தீராத தொல்லை கொடுத்து, அதை மாற்றித்தரும் நிலை வந்திருந்தது. அங்குள்ள பழுதுநீக்குநர் யுரேகாவில் தேடியபோது, மான்ட்ரியலில் ஒருவர் எழுதிய குறிப்பு கிடைத்தது. கோளாறு 50 சென்ட் விலையுள்ள சிறு பாகத்தில். யுரேகாவால் ஜெராக்ஸுக்கு மிச்சமான தொகையை அவர்கள் 100 மில்லியன் டாலர் என்ற அளவில் சொல்கின்றனர்.

அதே நிறுவனத்தின் மறுபக்கம்

மான்ட்ரியலில் இருந்தவரும் பிரேசிலில் இருந்தவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆயினும் ஒருவர் எழுதியது மற்றவருக்கு உடனே விளங்கியது, ஏனெனில் இருவர் கையும் ஒரே வகைப் பொறிக்குள் பழகியவை. இதன் எதிர்ப்பக்கத்தை ஜெராக்ஸின் வேறொரு வரலாறு காட்டுகிறது.

பார்க் ஆய்வகத்தில் 1973இல் ஆல்டோ என்ற கணினி உருவானது. சுட்டி, திரையில் சாளரங்கள், அச்சில் வரப்போவதையே திரையில் காட்டும் எழுத்து என்று இன்றைய கணினியின் முகம் அங்கே தெளிந்தது. கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டும் அதே ஆண்டு அங்கேதான் பிறந்தது. ஆக, உலகின் மிகச்சிறந்த தகவல்தொடர்புக் கருவிகள் அந்த ஆய்வகத்தின் கையில் இருந்தன. ஆனால் தலைமையகம் கிழக்குக் கரையில் கனெடிகட் மாநிலத்தில். நகல்பொறிப் பொறியாளர்கள் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் வட்டாரத்தில். அலுவலகக் கருவிப் பிரிவு டெக்சஸின் டல்லாஸில். ஆய்வகம் கண்டதன் மதிப்பு இவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த ஆய்வின் பலன் ஜெராக்ஸ் ஸ்டார் என்ற பெயரில் 1981இல் சந்தைக்கு வந்தபோது விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 1979இல் ஆய்வகத்தைப் பார்வையிட்ட ஆப்பிள் நிறுவனத்தாருக்கோ, தாங்கள் பார்ப்பது என்ன என்று அங்கேயே புரிந்தது. அவர்களுடைய மேக்கின்டாஷ் 1984இல் வந்தது.

ஒரே சம்பளப்பட்டியலில் இருந்தவர்களிடையே அறிவு நகரவில்லை. போட்டியாளரிடம் ஒரு பார்வையிலேயே போய்விட்டது. ஆப்பிள் பொறியாளர்களும் பார்க் ஆய்வாளர்களும் ஒரே தொழிலைச் செய்தவர்கள். டல்லாஸில் இருந்தவர்கள் வேறு தொழில் செய்தவர்கள். கம்பியும் கருவியும் தூரத்தைக் குறைக்கும். செய்தொழில் வேறாக இருப்பதால் வரும் இடைவெளியை அவை மட்டும் குறைப்பதில்லை. யுரேகாவின் வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டு, தரவுத்தளம் ஒன்றை வாங்கிவைத்தால் அறிவு பரவிவிடும் என்று முடிவுகட்டிய பல நிறுவனங்கள் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

குறிப்பு எதை இழக்கிறது

யுரேகாவின் மூன்றுபகுதிக் குறிப்பில் ஜூலியன் ஓர் கேட்ட கதை முழுமையாக இல்லை. இ-053 கதையைக் குறிப்பாக எழுதினால், எண்ணை நம்பாதே, மின்னேற்றும் உறுப்பைப் பார் என்று இரண்டு வரியில் முடியும். அடுத்து வருபவருக்கு அது போதும். ஆனால் அவர் அதைப் பின்பற்றுகிறாரே தவிர, பழுதைத் துரத்தும் முறையைக் கற்பதில்லை. குறிப்புகளை மட்டும் படித்து வளரும் ஒருவர், நல்ல கையேட்டைப் படித்து வளர்ந்தவராகவே இருப்பார். மைக்கேல் பொலான்யி 1966இல் எழுதிய நூலிலிருந்து உட்கிடை அறிவு என்ற கருத்து இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது: சொல்லில் வடிக்க முடிவதைக் காட்டிலும் நாம் அறிந்திருப்பது அதிகம். உரசும் ஓசையைக் கேட்டே எந்த உருளை தேய்ந்தது என்று சொல்பவரிடம் குறிப்பு எழுதச் சொன்னால், ஓசையை எப்படி எழுதுவார்?

வாக்கி-டாக்கி இந்த உட்கிடையில் ஒரு பங்கையாவது கடத்தியது. ஆனால் அதற்கு நினைவில்லை. யுரேகாவுக்கு நினைவு உண்டு, எல்லையில்லாத எட்டமும் உண்டு; ஆனால் பேச்சின் போக்கு அதில் தங்குவதில்லை. ஒன்று மற்றொன்றின் மேம்பட்ட வடிவம் என்று இரண்டையும் வரிசைப்படுத்துவது தவறு. இரண்டும் வெவ்வேறு பொருளைச் சுமந்தன. யுரேகா வந்த பிறகும் காலை உணவு மேசைகள் கலையவில்லை என்பதையும், குறிப்புகளின் தரத்தைக் காத்த சரிபார்ப்போர் அந்த மேசைகளிலிருந்தே மதிப்புப் பெற்றவர்கள் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

பிற்கால ஆய்வுகள்

யுரேகா மினிடெல்லில் ஏறிய அதே 1995இல் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கித் தளத்தை வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்ற அதன் முறை பின்னர் அலுவலகங்களுக்குள் புகுந்தது. 2014இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஸ்லாக் போன்ற குழு உரையாடல் செயலிகள், வாக்கி-டாக்கியின் திறந்த அலைவரிசையையும் யுரேகாவின் நினைவையும் ஒன்றாக்கப் பார்த்தன. பேச்சு அப்படியே சேமிக்கப்படுகிறது. ஆனால் சரிபார்ப்பவர் இல்லை. தவறான விடையும் சரியான விடையும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் கிடக்கின்றன. தேடுபவருக்கு நூறு பதில்கள் கிடைக்கும், எதை நம்புவது என்பது கிடைக்காது. இந்தச் செயலிகளை அறிவுக் களஞ்சியமாக நம்பும் அலுவலகங்கள், பிரெஞ்சு பழுதுநீக்குநர்கள் கடைப்பிடித்த சரிபார்ப்பு என்ற அந்த ஒரு படியைத் திரும்பக் கொண்டுவருவது நல்லது.

தூரத்தைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்தவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தாமஸ் ஆலன். ஆய்வகங்களில் பொறியாளர்களின் மேசைகளுக்கு இடையே உள்ள தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது வேகமாகக் குறைகிறது என்றும், 50 மீட்டரைத் தாண்டினால் மிகச் சொற்பமாகிவிடுகிறது என்றும் 1977இல் வெளியான நூலில் காட்டினார். நேரில் அடிக்கடி சந்திப்பவர்களே தொலைபேசியிலும் அடிக்கடி பேசுகிறார்கள் என்பதையும் அவர் பின்னர் சுட்டிக்காட்டினார்.

பெருந்தொற்றுக் காலம் இதைப் பெரிய அளவில் சோதித்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் தகவல்தொடர்புப் பதிவுகளை, 2020இன் முதல் பாதியை மையமாக வைத்து அந்நிறுவன ஆய்வாளர்களும் பிறரும் ஆராய்ந்தனர். எல்லாரும் வீட்டிலிருந்து வேலைசெய்யத் தொடங்கியபின், தத்தம் குழுவுக்குள் பேச்சு இறுகியது; வேறு குழுக்களோடு சேர்ந்து செலவிட்ட நேரத்தின் பங்கு ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. நேரடி உரையாடல் குறைந்து, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் கூடின. இங்கே எந்தக் கருவிக்கும் பஞ்சமில்லை. கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனமே அதுதான். குறைந்தது, தற்செயலாக ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழும் வாய்ப்பு.

அண்மைக்கால மாற்றம், உரையாடலையே கற்கும் செயற்கை நுண்ணறிவு. வாடிக்கையாளர் உதவி மையம் ஒன்றில் பணியாற்றிய 5,000க்கும் மேற்பட்டோரை எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியெல் லி, லிண்ட்சி ரேமண்ட் ஆகியோர் ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். பணியாளர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்சில் இருந்தவர்கள். திறமைமிக்க பணியாளர்களின் பழைய உரையாடல்களிலிருந்து கற்ற மென்பொருள், மற்றவர்கள் வாடிக்கையாளரிடம் பேசும்போதே என்ன சொல்லலாம் என்று பரிந்துரைத்தது. ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட சிக்கல்கள் சராசரியாக 14 விழுக்காடு கூடின. புதியவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் 34 விழுக்காடு. மூத்தவர்களுக்குப் பெரிய பயன் ஏதுமில்லை. யாரும் உட்கார்ந்து குறிப்பு எழுதாமலேயே, சிறந்தவர்களின் பேச்சுமுறை மற்றவர்களிடம் போய்ச்சேர்ந்தது. உட்கிடை அறிவின் ஒரு பகுதியை எழுத்தாக்காமல் கடத்தும் வழி இதில் கிடைத்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும். எனினும், யுரேகாவின் குறிப்புக்கு மேலிருந்த பெயர் இந்தப் பரிந்துரைகளில் இல்லை. தங்கள் உரையாடல்கள் மென்பொருளைப் பயிற்றுவித்ததற்காகத் திறமைமிக்க பணியாளர்களுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்ற கேள்வியை அந்த ஆய்வாளர்களே எழுப்பியிருக்கிறார்கள்.